கப்பல்காரருக்கு எட்டுச்செலவு

மூன்று கிழமைக்கு முன் எங்கள் கட்டடத்தில் ஒரு செத்தவீடு. கனடா வந்து ஸ்காபரோவில் குடியிருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். போனில் துக்கம் விசாரித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். இருந்தால், தயவுசெய்து கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

செத்தவர் ஒரு வெள்ளைக்காரர். அமெரிக்காவில் இருப்பவர். எங்களில் ஒருவரும் அவரை நேரில் கண்டதில்லை. அவருக்கும் எங்களைத் தெரியாது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் இரண்டு மணிக்கு, மகேஸ் அக்கா வீட்டு ஹோலுக்கு அவர் வராத நாளில்லை.

விளங்கியிருக்குமே... ஓம், ரீவி நாடகம்தான்.

எந்த நாடகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால், நான் ஏன் தினமும் வேலைக்கு மூச்சிரைக்க ஓடி வருகிறேன் என்பதை என் பக்ரரி சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் கவனமாக இருப்பது நல்லது.

எட்டாம் மாடியில் இருக்கும் வெள்ளைக்கார அம்மா சொல்கிறார், தான் கலியாணம் முடிக்க முதலே இந்த நாடகம் தொடங்கிவிட்டதாம். அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள். நாடகம் இன்னும் முடியவில்லை. அதில் வருகிற ஒருவரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. விடியற்காலையில் பட்டுச் சட்டையோடும் கலையாத தலையோடும் எழும்புகிறார்கள். கதவைத் தட்டாமல் அடுத்த வீட்டுக்குள் வருகிறார்கள். ஒரு உண்மையைச் சொல்கிறார்கள். கேட்டவர் கையில் இருக்கும் கிளாசைக் கீழே போடுகிறார். போன வருடம் தொட்டிலில் கிடந்த பிள்ளை இந்த வருடம் காதலிக்கிறது. ஆனால் ஒருவர் ஒரு கோப்பி குடித்து முடிக்க மூன்று நாள் எடுக்கிறார்.

நம்பக்கூடிய கதையா இது?

நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு எங்கள் கட்டடத்து எலிவேற்றரில் ஏறுகிறவர்களை ஒருமுறை பார்த்தேன். மூலையில் நிற்கிறவர் கொழும்பில் ஏறி, மொஸ்கோவில் படுத்தெழும்பி, கிழக்கு ஜேர்மனியில் நடந்து, யாரோ ஒருவருடைய பெயரில் இங்கே வந்து இறங்கியவர். அவரிடம் இந்த நாடகத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் சப்பென்று இருக்கிறதாம்.

பார்க்கிற ஆட்கள் நாங்கள் மூன்று பேர். வீட்டுக்காரி மகேஸ் அக்கா, நாலாம் மாடிக் கமலா, பின்னேர ஷிப்ற் வேலைக்காரியான நான். எங்கள் மூவரின் இங்கிலீஷையும் கூட்டினால் ஒரு பால் பெட்டி வாங்கலாம். ஆனால் இந்த நாடகத்துக்கு இங்கிலீஷ் எதற்கு? துரோகம் செய்யப் போகிறவன் முதலில் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பான். பொய் சொல்கிறவளுக்குக் கமரா கிட்டப் போகும். யாராவது ஒருவர் மிகவும் சந்தோஷமாக இருந்தால் அடுத்த நாள் அவருக்குக் கார் விபத்து.

அந்த இங்கிலீஷ் பெயர்கள்தான் எங்கள் வாயில் நிற்கவில்லை. ஆகவே ஊர் வழக்கப்படி பட்டப்பெயர் வைத்தோம். கதாநாயகர் கப்பல் கொம்பனி வைத்திருப்பவர். எனவே கப்பல்காரர். நரைத்த தலை, நல்ல மனது, காலையிலேயே ஐஸ் போட்ட விஸ்கி. அவரையே மூன்று தரம் கட்டி மூன்று தரம் விட்டவள் வைரத்தோடு. சொத்துக்கு அலைகிற தம்பி சின்னக்கப்பல். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கிற நல்லவள் நேர்ஸ்பிள்ளை. இந்த நாலு பேரைத் தெரிந்தால் போதும்.

மகேஸ் அக்காவின் கணவர் இராசரத்தினம் அண்ணைக்கு இரவு வேலை. இரண்டு மணிக்கு அவர் உள் அறையில் நல்ல நித்திரையில் இருப்பார். அதனால் எங்கள் அழுகையெல்லாம் சத்தம் குறைத்த அழுகை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மகேஸ் அக்காவுக்கு ஒரே மகள், சுகந்தி. இருபத்தேழு வயது, டவுன்ரவுனில் ஒஃபிஸ் வேலை. இரண்டு சம்பந்தம் பேசிக் குழம்பிவிட்டது. முதலாவதில் சாதகம் பொருந்தவில்லை. இரண்டாவதில் எல்லாம் பொருந்தியது, ஆனால் மாப்பிள்ளைக்கு லண்டனில் ஏற்கெனவே ஒரு பெண்சாதி. மூன்றாவதாக வந்தது வோபர்னில் இருந்து. பெயர் சிறீதரன், கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை. ஒரு கலியாண வீட்டில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த சுகந்தி, "ஆள் பரவாயில்லை" என்றாள். அவளுடைய அகராதியில் அதற்கு மேலே ஒரு சொல் இல்லை. அன்று இரவு தன் சேலைகளை எல்லாம் எடுத்து மடித்து மடித்து வைத்தாளாம். மகேஸ் அக்கா இதை என்னிடம் சொல்லும்போது கண் கலங்கினார்.

சிக்கல் மாப்பிள்ளையின் தாய், தவமணி அன்ரி. ஒழுங்கென்றால் ஒழுங்கு. முதல்முறை போன் எடுத்தபோதே சொல்லிவிட்டார்:

"எங்கடை வீட்டிலை ரீவியிலை நியூஸ் மட்டும்தான் தங்கச்சி. பட்டப்பகலிலை உந்த வெள்ளைக்காரற்றை கூத்துகளைப் பாத்துக்கொண்டு இருக்கிற வீடுகள் எனக்குச் சரிவராது."

"சீச்சீ! எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான் அக்கா. நியூஸ் மட்டும்தான்" என்றார் மகேஸ் அக்கா.

அப்போது மணி இரண்டு. அவருடைய முதுகுக்குப் பின்னால் நாடகத்தின் தொடக்க இசை போய்க்கொண்டிருந்தது. நான் பாய்ந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.

அஜின்கோர்ட்டிலும் ஒரு பெண் வீட்டார் இதே மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பார்மசியில் வேலை. ஆவணிக்குள் நாள் வைக்கவேண்டும் என்பது தவமணி அன்ரியின் கணக்கு. புரட்டாதியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. அதற்குப் பிறகு யாருடைய மனது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

ஆவணி பிறந்த கையோடு வந்த திங்கட்கிழமை. கப்பல்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறார். கன நாளாக அப்படித்தான் கிடக்கிறார். சின்னக்கப்பல் அறைக்குள் வந்தான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். பிறகு மெதுவாகக் குனிந்து வயரைக் கழற்றினான். மெஷினில் மேலும் கீழும் ஓடிய பச்சைக் கோடு நேராகப் போனது.

"ஐயோ என்ரை ராசா!" என்று மகேஸ் அக்கா நெஞ்சில் அடித்தார். கமலா ரிஷு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விக்கினாள். எனக்கும் நிற்கவில்லை. என்ன நல்ல மனிதர்... ஒருநாள்கூட வேலைக்காரியைப் பேசாதவர்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுப்பட்டது.

நான் ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். தவமணி அன்ரி! கையில் வாழைப்பழப் பை. பெண் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வீடு கூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் மாப்பிள்ளைத் தாய்மாரின் பழைய உத்தி.

"ராணி, ரீவியை நிப்பாட்டு!" என்றார் மகேஸ் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி.

நிப்பாட்டினேன். எங்கள் பழைய ரீவிகள் உடனே சாகாது என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்று சுருங்கும். அந்தப் புள்ளி சுருங்கிக்கொண்டிருக்கும்போதே கமலா கதவைத் திறக்க, அன்ரி உள்ளே வந்துவிட்டார்.

முதலில் ரீவியைப் பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரின் சிவந்த கண்களைப் பார்த்தார். வாழைப்பழப் பை கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ... போயிட்டாரோ!" என்று கத்திக்கொண்டு மகேஸ் அக்காவின் கழுத்தைக் கட்டிப்பிடித்தார்.

எங்கள் செத்தவீட்டு ஒழுங்கு அதுதானே? முதலில் கட்டிப்பிடித்து அழவேண்டும். யார், எப்போது, எப்படி என்கிற விசாரணையெல்லாம் பிறகு. அழாமல் முதலில் விசாரிக்கிறவருக்கு ஊரில் மதிப்பில்லை.

தவமணி அன்ரி சாதாரணமாக அழவில்லை. இராகம் போட்டு அழுதார். கனடாவுக்கு வந்து இப்படி ஒரு ஒப்பாரியை நான் கேட்டதில்லை.

"கட்டினவளும் கைவிட்டாளே ராசா... கூடப் பிறந்ததே குழி பறிச்சுதே ராசா..."

கமலா என் காதுக்குள், "அக்கா, இவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"பேசாமல் இரு. அது எல்லாச் செத்தவீட்டுக்கும் பொருந்தும்" என்றேன். உண்மைதானே? எங்கள் ஊரில் எந்த அண்ணன் தம்பிக்குள் வேலித் தகராறு இல்லை?

இந்தச் சத்தத்தில் இராசரத்தினம் அண்ணை எழும்பிவிட்டார். சாரத்தோடு, பாதிக் கண்ணோடு, ஹோலுக்கு வந்தார். நாலு பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மனிதர் என்ன செய்வார்? ஊரில் இருந்து ஏதோ செய்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். சுவரில் சாய்ந்து நின்று தலையில் கையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழத் தொடங்கிவிட்டார். நன்றாக அழுது முடித்த பிறகு மெதுவாக மனைவிக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

"ஆரப்பா செத்தது?"

"பேசாமல் அழுங்கோ" என்றார் மகேஸ் அக்கா.

அவர் திரும்பவும் அழுதார்.

கடைசியில் தவமணி அன்ரி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எங்கள் ஒருவரையும் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஆர் தங்கச்சி மோசம் போனது?"

என்ன சொல்வது? ரீவியில் ஒருவர் செத்துவிட்டார் என்றா? நியூஸ் மட்டும்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன வீடல்லவா?

"இவற்றை... இவற்றை பெரியப்பாவின்ரை மகன்" என்றார் மகேஸ் அக்கா.

இராசரத்தினம் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பெரியப்பாவுக்குப் பிள்ளைகளே இல்லை.

"பேர்?"

"சிவலிங்கம்."

"எங்கை இருந்தவர்?"

"கப்பலிலை" என்று வந்துவிட்டது மகேஸ் அக்காவின் வாயில்.

தவமணி அன்ரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "கப்பலிலையோ..." என்றார். திரும்பவும் கண் நிரம்பிவிட்டது. பிறகு எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, அவ்வளவு விருப்பமில்லாத குரலில் சொன்னார்: "அப்ப முப்பத்தொண்டு கழியட்டும் தங்கச்சி. துடக்கோடை நல்ல காரியம் கதைக்கக் கூடாது."

கதவு மூடியதும் மகேஸ் அக்கா சோபாவில் விழுந்தார். பதற்றத்தில் எந்த உறவைச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! மாமாவின் மகன் என்று சொல்லியிருந்தால் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு அடுத்த கிழமையே நாள் பார்த்திருக்கலாம். மாமியின் மகன் என்றாலும் பிழையில்லை. பெரியப்பாவின் மகனோ பங்காளி, முழுத்துடக்கு; முப்பத்தொரு நாளும் தீட்டு. அந்த முப்பத்தொரு நாள் கழியும்போது ஆவணியும் கழிந்துவிடும். புரட்டாதி பிறக்கும். அஜின்கோர்ட் பெண் பார்மசியில் இருந்து நேரே மணவறைக்குப் போவாள்.

பின்னேரம் சுகந்தி வேலையால் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மா, ரீவியிலை ஒராள் செத்ததுக்கு நான் ஏன் துடக்குக் காக்கவேணும்?" என்று மட்டும் கேட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுவம் அக்கா" என்றேன் அடுத்த நாள்.

"என்னெண்டு சொல்லுறது ராணி? ரீவிக்கு அழுதனாங்கள், கேட்டதுக்குப் பொய் சொன்னனாங்கள், செத்தவர் எண்டு ஒருத்தரே இல்லை எண்டோ? விசர்க் குடும்பம் எண்டெல்லோ நினைப்பா?"

யோசித்துப் பாருங்கள். எங்கள் சனத்துக்கு அழுவதில் வெட்கமில்லை. தெருவில் நின்றும் அழுவோம். எதற்கு அழுதோம் என்று சொல்வதில்தான் வெட்கம்.

அன்று இரண்டு மணிக்குக் கப்பல்காரரின் செத்தவீடு ரீவியில் நடந்தது. ஒரு பளபளப்பான பெட்டி, நிறையப் பூ, கறுப்புக் கண்ணாடி போட்ட வைரத்தோடு. பெட்டியைத் திறக்கவில்லை. "முகம் காட்டேல்லை" என்றாள் கமலா. "வெள்ளைக்காரர் அப்பிடித்தான்" என்று மகேஸ் அக்கா அடக்கிவிட்டார். ஆனால் அன்று அவர் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. குசினிக்குள் வெங்காயத்தை வைத்துக்கொண்டு, உரிக்காமல் அழுதுகொண்டிருந்தார். "இண்டைக்கு நான் அழுறது கப்பல்காரருக்கு இல்லையடி" என்றார். எனக்கு அந்த நாடகத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. அன்று ஒரு நாளைக்கு மட்டும்தான், ஆனாலும் வந்தது.

இதற்கிடையில் செய்தி பரவிவிட்டது. ஸ்காபரோவில் ஒரு செய்தி பரவப் பேப்பரும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம். போன் அடிக்கத் தொடங்கியது. இராசரத்தினம் அண்ணை எடுத்து எடுத்து, "ஓம்... திடீரெண்டுதான்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் விழித்தார். இரண்டாம் நாள் பழகிவிட்டார். ஏனென்றால் எடுத்தவர்களுக்கு அவரைவிடக் கூடத் தெரிந்திருந்தது! ஒருவர், சிவலிங்கம் தன் கலியாணத்துக்கு வந்து பந்தி பரிமாறியவர் என்றார். அஜின்கோர்ட் குணம் அண்ணை என்பவர், தானும் சிவலிங்கமும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு என்றார்.

"கணக்கிலை புலி! உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்... கணக்கிலை கெட்டிக்காரன்தான்..." என்றார் இராசரத்தினம் அண்ணை.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மனிசன் போலை கிடக்கு. நான் அவனோடை இன்னும் கொஞ்சம் நல்லாய்ப் பழகியிருக்கலாம்" என்றார்.

மகேஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு வந்தது பெரிய இடி. தவமணி அன்ரி போன் எடுத்து, எட்டுச்செலவுக்கு வருவேன் என்றார். சம்பந்தம் கதைத்த வீடு, எட்டுக்கு வராமல் விட்டால் அழகில்லையாம்.

செத்தவருக்கு எட்டாம் நாள் அவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். சமைத்துவிடலாம். படத்துக்கு எங்கே போவது? விளக்கு வைத்து மாலை போட ஒரு படம் வேண்டுமே!

"எங்கடை அண்ணரின்ரை படம் ஒண்டு கிடக்கு" என்று கமலா தொடங்கினாள்.

"உயிரோடை இருக்கிற மனிசன்ரை படத்துக்கு மாலை போடுறதோ? அவருக்கு ஏதும் நடந்தா?" என்று மகேஸ் அக்கா பாய்ந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாலை போடுவதென்றால் செத்தவருடைய படமாக இருக்கவேண்டும். எங்களுக்குப் படம் கிடைக்கக்கூடிய செத்தவர் யார்? ஒருவர்தான். சுப்பர்மார்க்கெற்றில் காசு கட்டுகிற இடத்தில், சுவிங்கத்துக்குப் பக்கத்தில், நாடகச் சஞ்சிகையின் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்ரிதான் நாடகம் பாக்கிறேல்லையே. அவவுக்கு ஆரெண்டு தெரியும்?" என்றாள் கமலா.

"ஆனா ஆள் நல்ல வெள்ளையெல்லோ!" என்றேன் நான்.

அதற்கும் வழி கிடைத்தது. லைப்ரரி மெஷினில் பெரிதாக்கிப் போட்டோக்கொப்பி எடுத்தோம். அந்த மெஷின் எதையும் கறுப்பாகத்தான் எடுக்கும். முதல் கொப்பியில் அவர் கொஞ்சம் மாநிறமாக வந்தார். கொப்பியையே திரும்பவும் கொப்பி எடுத்தோம். அச்சொட்டாக எங்கள் ஊர் நிறம்! பிறேம் போட்டு, கண்ணாடிக்கு மேல் மூன்று குறியாகத் திருநீறு பூசி, சந்தனப் பொட்டும் வைத்தோம். கப்பல்காரர் சைவப்பழமாகிவிட்டார். இராசரத்தினம் அண்ணை வந்து கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கடை பெரியப்பாவின்ரை மூக்குத்தான்" என்றார்.

எட்டாம் நாள். சோறு, மீன்குழம்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், உழுந்து வடை எல்லாம் வாழையிலையில் பரப்பியாயிற்று. விஸ்கியும் ஒரு கிளாஸ். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் அல்லவா? அவருக்கு என்ன பிடிக்கும் என்று எங்கள் மூவரையும் விட யாருக்குத் தெரியும்? சுகந்தி அன்று லீவு. வெளியில் வந்து ஒரு மூலையில் நின்றாள். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை.

தவமணி அன்ரி ஒன்றரைக்கு வந்தார், கையில் ஒரு சட்டி வடை மாவோடு. படத்துக்கு முன்னால் நின்று உற்றுப் பார்த்தார்.

"திருநீறு இவருக்கு நல்லாய் எடுக்குது" என்றார்.

பிறகு படையலைப் பார்த்தார். "ஐஸ் போடேல்லையோ?"

"என்னக்கா?"

"இல்லை... வெய்யில் காலமெல்லோ, அதுதான் சொன்னனான்."

மகேஸ் அக்கா ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்து போட்டார். எட்டுச்செலவுப் படையலில் ஐஸ் போட்ட முதல் வீடு இதுவாகத்தான் இருக்கும்.

கற்பூரம் காட்டி முடிந்தது. எல்லாரும் இருந்தோம். மணிக்கூட்டின் முள் இரண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. கமலா நகத்தைக் கடித்தாள். மகேஸ் அக்கா ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். துக்க வீட்டிலும் பழக்கம் விடுமா?

சரியாக இரண்டு மணி. தவமணி அன்ரி தொண்டையைச் செருமினார்.

"ஒருக்கா நியூஸைப் போடுங்கோ தங்கச்சி. ஊரிலை என்ன நிலைமையோ..."

மகேஸ் அக்கா நியூஸ் வருகிற சனலைத் தேடிப் போட்டார். ஒருவர் தக்காளி வெட்டிச் சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உதிலை இல்லை. இன்னும் ரெண்டு தள்ளிப் போடுங்கோ" என்றார் அன்ரி.

இரண்டு தள்ளிப் போட்டார்.

நேர்ஸ்பிள்ளை தன் வீட்டுப் பின் அறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே கட்டிலில் ஒருவர் சாய்ந்திருந்து சூப் குடிக்கிறார். கமரா கிட்டப் போகிறது. நரைத்த தலை. நல்ல முகம். கப்பல்காரர்!

ரீவிக்குள் அவர் சூப் குடிக்கிறார். ரீவிக்குப் பக்கத்தில் மாலையும் திருநீறும் போட்டுக்கொண்டு அவரே சிரிக்கிறார். இராசரத்தினம் அண்ணை படத்தைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"எட, சிவலிங்கம்!" என்றார்.

முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சுகந்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மகேஸ் அக்கா எழும்பி, தவமணி அன்ரிக்கு முன்னால் போய் நின்று, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண்ணீர்தான் வந்தது.

தவமணி அன்ரி ரீவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியும். பெட்டி திறந்து காட்டேல்லையெல்லோ!"

நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"அக்கா... நீங்கள்..." என்றார் மகேஸ் அக்கா.

"பின்னை என்ன? அண்டைக்கு முதன்முதல் போன் கதைக்கேக்கையே உங்கடை வீட்டிலை அந்தப் பாட்டுக் கேட்டது. சரி, எங்கடை ஆக்கள்தான் எண்டு அப்பவே நினைச்சனான். பிறகு, அந்தத் திங்கக்கிழமை பாத்து எங்கடை ரீவி பழுதாய்ப் போச்சு, அடுத்த நாள் விடியத்தான் திருத்தினது. அவர் பிழைப்பாரோ மாட்டாரோ எண்டு எனக்கு வீட்டிலை இருப்புக் கொள்ளேல்லை. வாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு ஓடி வாறன், பஸ் பிந்திப் போச்சு. வாசல்லை வர நீங்கள் நிப்பாட்டிப் போட்டியள்!"

"அப்ப ஏனக்கா துடக்கெண்டு சொன்னனீங்கள்?"

"நீங்கள் பேரும் சொல்லி உறவும் சொல்லி அடிச்சுச் சொல்லுறியள். நான் என்னெண்டு இல்லை எண்டுறது? எட்டுக்கு வந்தா நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்தன். இஞ்சை வந்து பாத்தா அவருக்குத் திருநீறும் பூசி வைச்சிருக்கிறியள்!"

முதலில் சிரித்தது சுகந்தி. எட்டு நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பல்லைக் கண்டோம். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்து சிரித்தாள். பிறகு யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. மகேஸ் அக்காவும் தவமணி அன்ரியும் திரும்பவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை ஒப்பாரி இல்லை.

விளம்பரம் போனதும் தவமணி அன்ரி எழும்பி, படத்தில் இருந்த மாலையைக் கழற்றினார்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு உது கூடாது. செத்தவரே இல்லை, பிறகென்ன துடக்கு? நாளைக்கே நாள் பாப்பம். இந்த ஆவணிக்குள்ளை ஒரு நல்ல வெள்ளி கிடக்கு. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன் தங்கச்சி... ரெண்டு மணிக்கு முதல் தாலி, பந்தி எல்லாம் முடிஞ்சிடவேணும்."

இராசரத்தினம் அண்ணை மெல்ல விஸ்கிக் கிளாசைக் காட்டினார். "அப்ப உது?"

"அவர் சூப் குடிக்கிறார் தம்பி. நீங்கள் எடுங்கோ" என்றார் அன்ரி.

வருகிற வெள்ளிக்கிழமை கலியாணம். காலை முகூர்த்தம். ஏன் இவ்வளவு அவசரமாகப் பந்தி போடுகிறார்கள் என்று அன்று யோசிக்காதீர்கள். இப்போது உங்களுக்குக் காரணம் தெரியும். கலியாண ஹோலுக்குப் பின் அறையில் ஒரு ரீவி வைப்பதாகவும் கேள்வி.

துக்கம் விசாரித்தவர்களுக்கு எல்லாம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தப் பத்தி. போன சனிக்கிழமை பிளாசாவில் அஜின்கோர்ட் குணம் அண்ணையைக் கண்டேன். சிவலிங்கத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் அல்லவா, பாவம், அவரிடம் முதலில் சொல்வோம் என்று கிட்டே போனேன்.

"அண்ணை, உங்கடை சிவலிங்கம் சாகேல்லையாம்" என்றேன்.

மனிதர் கண்கூட வெட்டவில்லை.

"எனக்குத் தெரியுமே பிள்ளை! முந்தநாள்தான் போன் எடுத்தவர். வெள்ளிக்கிழமைக் கலியாணத்துக்கு வாறாராம்."

மகேஸ் அக்காவிடம் பந்தியில் ஒரு கதிரை கூடப் போடச் சொல்லியிருக்கிறேன்.